சலேத்மேரிக்கு நாலு மில்லி

ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்ல பவுலினாவுக்கு நாலு நொடி போதும். ஓசூருக்கு வெளியே கைபேசி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில், லென்ஸ் விளக்குக்குக் கீழே வந்து நிற்கும் துண்டைத் திருப்பிப் பார்ப்பாள். கீறல், குமிழி, நிற வித்தியாசம். நல்லது வலப்பக்கம் போகும், கழித்துக்கட்டியது இடப்பக்கம் போகும்.

மத்தூர்ச் சந்தையில் மூட்டை தூக்குகிறவரின் மூத்த பெண் அவள். பத்தாவது படிக்கும்போதே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். டிப்ளமோ முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறியவள், தம்பியைப் படிக்க வைத்தாள். மாதா கோவிலில் பார்த்துப் பழகிய பென்சனைக் கட்டிக்கொண்டு, நாராயணம்மாவின் வரிசை வீடுகளில் கடைசி வீட்டுக்குக் குடிவந்தாள். பேச்சு குறைவு. வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு 'சைலண்ட் மோடு' என்று பட்டப்பெயர். வயிற்றில் பிள்ளை உண்டானபோதுகூட நாலாம் மாதம் வரை யாருக்கும் தெரியாது.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலை, பஸ் படியில் கால் வைத்தவள் அப்படியே சரிந்தாள். ரத்தக் கொதிப்பு கண்டபடி ஏறியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் அன்று மத்தியானமே வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. எடை ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். பஞ்சில் சுற்றி ஆம்புலன்ஸில் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பென்சன் கூடவே ஏறிக்கொண்டான். மயக்கம் முழுக்கத் தெளியாத பவுலினா பார்த்ததெல்லாம் ஒரு பஞ்சு மூட்டையைத்தான்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. கொஞ்சம் பீய்ச்சி சின்னப் புட்டியில் எடுத்து வைத்தால், காலையில் பென்சன் பஸ் பிடித்து வந்து வாங்கிக்கொண்டு போனான். பென்சனின் அக்கா எவாஞ்சலின் பர்கூரிலிருந்து வந்து பவுலினாவுக்குத் துணையிருந்தாள்.

நாலாம் நாள் மத்தியானம் எவாஞ்சலினுக்குப் போன் வந்தது.

"நானே ஞானஸ்நானம் குடுத்துட்டேன்க்கா. நம்ம அம்மா பேரையே வெச்சேன், சலேத்மேரின்னு. இனிமே பால் கொண்டாற வேணாம்னுட்டாங்க" என்றான் பென்சன். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. போனை வைத்துவிட்டான்.

பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் ஞானஸ்நானத்துக்குப் பாதிரியார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் யாரும் தலையில் நீர் ஊற்றிப் பேர் வைக்கலாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எவாஞ்சலினின் தலைப்பிள்ளைக்கு அப்படித்தான் ஒரு நர்ஸ் ஊற்றினாள். அரை மணி நேரத்தில் பிள்ளை அடங்கிவிட்டது. ஆண்கள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் வைத்துவிட்டு, குளித்து வீடு வந்தார்கள். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் அதைக் கேட்பதில்லை. அதனால் தம்பி சொன்னதற்கு என்ன பொருள் என்று எவாஞ்சலின் யாரிடமும் விசாரிக்கப் போகவில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

உண்மையில் அங்கே நடந்தது வேறு. குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. குழாய் பொருத்தி, இரண்டு மூன்று நாளைக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கவேண்டாம் என்று டாக்டர் நிறுத்தியிருந்தார். பயத்தில் பென்சன் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, நனைத்த பஞ்சால் நெற்றியைத் தொட்டுப் பேர் வைத்தான். அதன்பிறகு வீட்டிலிருந்து போன் வந்தபோதெல்லாம், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று மட்டுமே கேட்டார்கள். குழந்தையைப் பற்றிக் கேட்க அவர்களுக்கும் பயம்தான் போல என்று அவனும் ஒன்றிரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டான். அவன் வீடு திரும்பாததை, பவுலினாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் எங்கோ கிடக்கிறான் என்று எவாஞ்சலின் எடுத்துக்கொண்டாள்.

எவாஞ்சலின் பவுலினாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஞானஸ்நானம் ஆயிற்று என்று மட்டும் சொன்னாள். பவுலினா அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆனால் மார்பு கேட்கவில்லை. கல்லாகக் கனத்து, அக்குள் வரை வலித்து, காய்ச்சல் கண்டது. மறுநாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்ததும் வீட்டுக்காரி நாராயணம்மா எட்டிப் பார்த்தாள். தெலுங்கில் ஏதோ முனகிக்கொண்டே போனவள், முழம் முழமாக மல்லிகைச் சரத்தோடு திரும்பி வந்தாள். பிள்ளை இல்லாத மார்புக்கு மல்லிகையைக் கட்டினால் பால் வற்றும். அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. எவாஞ்சலினுக்கும் அன்றைக்கு அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அவளே பவுலினாவின் மார்பில் பூவைச் சுற்றி, மேலே துணியை இறுக்கினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாடிய பூவை எடுத்துப் புதுப் பூவைக் கட்டும்போது அவள் கண்ணீர் பவுலினாவின் கழுத்தில் விழுந்தது. மூன்றாம் நாளில் வலி விட்டது. மார்பு தளர்ந்து, துணி உலர்ந்து கிடந்தது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்குப் பென்சன் வந்து கதவில் நின்றான். ஒரு வாரத் தாடி, கசங்கிய சட்டை.

"கிளம்பு பவுலி. பாப்பா தானா மூச்சு விடுது. அம்மாவோட பால் வேணுமாம், உன்னைக் கூட்டியாரச் சொல்றாங்க."

எவாஞ்சலின் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பென்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. பவுலினா மெல்ல எழுந்து, சுவர் பக்கம் திரும்பி நின்று, ரவிக்கைக்குள் கைவிட்டு அந்தச் சரத்தை அவிழ்த்தாள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். மூவருமாகக் கிருஷ்ணகிரியில் இறங்கினார்கள்.

குழந்தைகள் பிரிவில் ரேவதி என்ற நர்ஸ் பவுலினாவை உட்காரவைத்து மார்பை அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. கடைசியாக எப்போது பீய்ச்சினீர்கள் என்று கேட்டாள். எவாஞ்சலின் எதையும் மறைக்காமல் சொன்னாள். ரேவதி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பவுலினாவுக்கு.

பிறகு ரேவதி நிலைமையைச் சொன்னாள். காலையில் டப்பாப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின் வயிறு உப்பி, குழாய் வழியாகப் பச்சையாக வெளியே வந்தது. இந்த எடைப் பிள்ளையின் குடலுக்கு அது ஆகாது. வேறொரு தாய் கொடுத்துவிட்டுப் போன பால் குளிர்பெட்டியில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து மில்லி வீதம் கொடுத்தால் நாளை மறுநாள் ராத்திரி வரை வரும். அதற்குள் பவுலினாவுக்குச் சுரக்கவேண்டும்.

"சுரக்குமா சிஸ்டர்?"

"பாலு மார்ல இல்லம்மா, தலையில இருக்கு. புள்ள வாய் வெச்சா, மோந்தா, அழுதா, இங்கேருந்து மூளைக்குச் சேதி போவும். மூளை அனுப்பிவிட்டாத்தான் மாரு குடுக்கும். மூணு நாளா சேதியே போவல. இனிமே நாம அனுப்பணும்."

கையைக் கழுவி, அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள் பவுலினா. பெட்டிக்குள் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். நாலு நொடி. தோல் சிவந்து, அடியில் நரம்பு தெரிகிறது. இடது காது மடிந்திருக்கிறது. தொடையில் சதை இல்லை. விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம். அவள் கண் தானாகவே இடப்பக்கம் போயிற்று. அப்படிப் போனதை உணர்ந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது.

ரேவதி குழந்தையை எடுத்து, துணி விலக்கிய அவள் மார்பின் நடுவே கவிழ்த்து வைத்து, மேலே ஒரு துணியால் கட்டிவிட்டாள். பென்சன் கண்ணாடிக்கு அப்பால் நின்று அழுதான். பவுலினாவுக்கு ஒன்றும் வரவில்லை. அந்நியர் பிள்ளையைப் பஸ்ஸில் சற்று நேரம் மடியில் வைத்திருக்கும் கூச்சம்தான் இருந்தது. மூன்று நாளாக அவள் இந்தப் பிள்ளையை மனதுக்குள் புதைத்து, மண்ணைத் தள்ளி முடித்திருந்தாள். தோண்டி எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு ஒரு தடவை வெந்நீர்த் துணி வைத்து, பிசைந்து, பீய்ச்சினாள். கை வலித்தது, தையல் போட்ட இடம் இழுத்தது. குழந்தை படுத்திருந்த துணியை முகர்ந்துகொண்டே பீய்ச்சச் சொன்னாள் ரேவதி. முகர்ந்தாள். மருந்து வாசனைதான் வந்தது. குழந்தையை மார்பில் வைத்தால் அது வாயைத் திறக்கும் முன்பே களைத்துத் தூங்கிப்போயிற்று. அழவும் அதற்குத் தெம்பில்லை. முகத்தைச் சுளிக்கும், வாய் கோணும், சத்தம் வராது.

மறுநாள் காலை எடை ஆயிரத்து எழுபது. அதற்கடுத்த நாள் ஆயிரத்து நாற்பது.

அன்றைக்கு எவாஞ்சலின் அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போய் இட்லியை வாயில் திணித்தாள். கம்பி வலைக்கு வெளியே மதில்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. சின்ன வயசுக் குரங்கு. மடியிலிருந்த குட்டியைத் தலைகீழாகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"அதுக்கும் தலைச்சன் போல. எது தலை எது காலுன்னே தெரியல பாரு" என்றாள் எவாஞ்சலின், அவளைச் சிரிக்க வைக்க.

குட்டி கீச்சென்று கத்தி, கைகளால் தாயின் வயிற்று மயிரைப் பற்றித் தானே ஏறி முலையைக் கவ்விக்கொண்டது. தாய்க்குரங்கு திடுக்கிட்டுக் குனிந்து பார்த்து, பிறகு ஒரு கையை அதன் முதுகில் வைத்தது. பவுலினா இட்லி நீட்டிய கையை விலக்கினாள்.

"அதோட குட்டிக்குப் பிடிக்கத் தெரியுது, கத்தத் தெரியுது. எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது அண்ணி. நான் என்ன ஜென்மம்?"

பூக் கட்டின கை என்னுடையது என்று மட்டும் எவாஞ்சலின் ஒரு தடவை சொன்னாள்.

பாலூட்டும் தாய்மார் இருக்கும் அறையில் பவுலினாவுக்கு அடுத்த கட்டில் மாரம்மாவுடையது. வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். மூன்றாவது பிரசவம், மூன்றே கால் கிலோ ஆண்பிள்ளை. மஞ்சள் காமாலைக்காகக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நீல விளக்குக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். பால் கொடுக்கும் நேரம் தவிர விளக்கை விட்டு எடுக்கக்கூடாது. பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை.

அன்று பிற்பகல் மூன்று மணி. மாரம்மா முகம் கழுவப் போயிருந்தாள். பிள்ளை விழித்துக்கொண்டு, காலை உதைத்து, அறை அதிர அழுதது. மூச்சைப் பிடித்து, நிறுத்தி, மறுபடி உச்சத்தில் எடுத்தது. பவுலினாவுக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது. மார்புக்குள் ஊசி குத்துவதுபோல் ஒரு குறுகுறுப்பு. குனிந்து பார்த்தாள். ரவிக்கையின் இடப்பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம்.

அவள் சந்தோஷப்படவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் எலும்பும் தோலுமாகத் தன் பிள்ளை கிடக்க, ஊரார் பிள்ளைக்குச் சுரந்த உடம்பைப் பார்த்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் கை தானாகவே கிண்ணத்தைத் தேடியது. தேடி எடுப்பதற்குள் மாரம்மா ஓடி வந்து பிள்ளையைத் தூக்கி மார்பில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. பவுலினாவின் ஈரமும் நின்றது.

பவுலினா தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. எழுந்து போய் மாரம்மாவின் கட்டிலருகே நின்றாள்.

"அக்கா, உங்க பாப்பாவை ஒரே ஒரு தடவை என்கிட்ட வாய் வெக்க விடுவீங்களா? எனக்குப் பால் வரல. அவன் அழுதா வருது."

மாரம்மா பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். மல்லிகை கட்டிய கதை அதற்குள் அறை முழுக்கத் தெரிந்திருந்தது. பூ வைத்து வற்ற அடித்த மார்பில் பச்சைப் பிள்ளை வாய் வைப்பதா என்று மாரம்மாவின் மாமியார் வாசலிலிருந்து முணுமுணுத்தாள். வந்து நின்ற ரேவதியும், ரத்தம் சோதிக்காமல் ஒருத்தி பிள்ளைக்கு இன்னொருத்தி கொடுக்க இங்கே அனுமதி இல்லை என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்போ வாய் வெக்க வேணாம். கொஞ்ச நேரம் அழட்டும்க்கா. அது போதும்."

"ஏம்மா, உம்புள்ளைக்கு அழத் தெம்பில்லேன்னா எம்புள்ளைய நான் அழ வுடணுமா?" என்றாள் மாரம்மா.

பவுலினா தன் கட்டிலுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். குளிர்பெட்டியில் இருந்தது இன்னும் நாலு வேளைக்கான பால். ஒவ்வொரு ஐந்து மில்லியையும் மனதுக்குள் கழித்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்குப் பிள்ளை மறுபடி விழித்தது. மாரம்மா கை நீட்டியவள், நீட்டிய கையை நடுவில் நிறுத்தினாள். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு நிமிசம். அதுக்குமேல என்னால ஆவாது. சீக்கிரம் புழிஞ்சுக்க" என்றாள், பவுலினாவைப் பார்க்காமலே.

பிள்ளை கத்தியது. பவுலினா கிண்ணத்தை வைத்துக் குனிந்தாள். முதல் அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் குறுகுறுப்பு, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, பிறகு மெல்லிய ஒரு கோடு. பக்கத்தில் மாரம்மாவின் புடவை முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியை விடாமல் நின்றாள். மாமியார் வாசலிலிருந்து ஏதோ சொன்னபோது, கன்னடத்தில் ஒரே வார்த்தையில் அவள் வாயை அடைத்தாள். இரண்டு நிமிடம் ஆனதும் பிள்ளையைப் பறித்தெடுத்து அவன் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரேவதி ஊசிக்குழாயில் உறிஞ்சி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நாலு மில்லி. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் உள்ளே எடுத்துப் போனாள். பவுலினா கண்ணாடியருகே நின்று, குழாய் வழியாக அது இறங்குவதைப் பார்த்தாள். அதன்பிறகு ஒரு மணி நேரம் குழந்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உப்பவில்லை. எதுவும் திரும்பி வரவில்லை.

தன் பிள்ளைக்குச் சுரக்கவில்லையே என்று அவள் ரேவதியிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

"ஒடம்புக்கு யார் புள்ளைன்னு கணக்கு கெடையாதும்மா. கூப்பிட்டா எந்திரிக்கும். உம்புள்ள கூப்பிடற வரைக்கும் வேற ஒருத்தன் கூப்பிடறான், அவ்வளவுதான்."

மாரம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம், ஒரு நொடி கூடுதலாக இல்லை. சில தடவை மூன்று மில்லி, ஒரு தடவை ஆறு. குறைந்ததை மட்டும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். மறுநாள் காலை எடை பார்த்தபோது ஆயிரத்து நாற்பதுதான் இருந்தது. ஏறவில்லை என்று பென்சன் தலையைத் தொங்கப்போட்டான். குறையவில்லை என்றாள் ரேவதி.

ஆனால் அன்றைக்கே மாரம்மாவின் பிள்ளைக்குக் காமாலை இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பைகளைக் கட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி வந்து, பவுலினாவின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். அறை அமைதியானது. மிச்சமிருந்த இரண்டு கட்டில்களிலும் தூங்கும் பிள்ளைகள்.

இரண்டு மணிக்குப் பவுலினா கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். காதுக்கு எதுவும் எட்டவில்லை. கால் மணி நேரம் பீய்ச்சியும் கிண்ணத்தின் அடி உலர்ந்தே இருந்தது. மாரம்மாவின் பிள்ளையின் அழுகையை நினைவில் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. குளிர்பெட்டியில் இருந்தது இரண்டு வேளைக்கு. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் குழந்தையைக் கொடுங்கள் என்று கேட்டாள். குழந்தையை அவளாகக் கேட்டது அதுதான் முதல் முறை.

ரேவதி மார்பில் வைத்துக் கட்டினாள். குழந்தை வழக்கம்போலக் கண்ணை மூடிக் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதன் தலை அசைந்தது. கன்னம் தோலில் உரச, உரசிய பக்கமே திரும்பி, நகக்கண் அளவு வாயைத் திறந்து மூடியது. நாக்கு நுனி காம்பைத் தொட்டது. நழுவியது. மறுபடி தேடியது. கிடைக்கவில்லை என்றதும் முகம் சுளித்து, வாய் கோணி, தொண்டையிலிருந்து மெல்லிய ஒரு சத்தம் வந்தது. பக்கத்துப் பெட்டிக்குக்கூடக் கேட்டிருக்காது.

பவுலினாவுக்குக் கேட்டது. இடது மார்பு ஊசி ஊசியாகக் குத்தியது. ஒரு சொட்டு திரண்டு குழந்தையின் மேலுதட்டில் விழுந்தது. அது நக்கியது.

ரேவதி கிண்ணத்தைப் பிடித்தாள். இரண்டு மில்லி சேர்ந்தது. பற்றாத மூன்று மில்லியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டாள். பிறகு நேரமாயிற்று, பெட்டியில் வைத்துவிடலாம் என்று குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

பவுலினா தன் உள்ளங்கையை அந்தச் சின்ன முதுகின்மேல் மூடி வைத்திருந்தாள். எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சிஸ்டர்" என்றாள். "தேடிட்டிருக்கா."